வெள்ளிக்கிழமை தீய்ந்த சாம்பார்

திண்டிவனம்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தேவா அவர்களுக்கு, மச்சான் சகாயராஜின் வணக்கம். கர்த்தர் கிருபையால் இங்கு நானும் என் வீட்டுக்காரி ஜெயமும் ஆடுகளும் சுகம். அங்கு நீங்களும் தங்கச்சி வேணியும் சுகம் என்று நம்புகிறேன். நான் தலைமை ஆசிரியராக இருக்கும் பள்ளிக்கூடம்தான் சுகமாக இல்லை. காரணம் நீங்கள்.

விழுப்புரத்தில் உங்கள் மொழிச்சோலை அறக்கட்டளையின் ஏசி அறையில் உட்கார்ந்து, நிலைத்து நிற்கும் ஐந்தாண்டு ஆங்கிலத் திட்டம் என்று ஒன்றைப் போட்டீர்கள். வெள்ளிக்கிழமை முழுக்க ஆங்கிலம் மட்டும், தெரியாதவர்கள் பேசாமல் இருக்கலாம் என்று எழுதினீர்கள். பிள்ளைகள் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியார்களும்தான். எழுபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிற கட்டடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. பார்வையிட வந்த உங்கள் ஆள் 'ஒழுக்கம் அருமை' என்று எழுதிவிட்டு, வழியில் கொறிக்க ஒரு பை மல்லாட்டையோடு பஸ் ஏறிவிட்டார்.

போன வெள்ளி நடந்ததைக் கேளுங்கள். சத்துணவு சமைக்கும் தையல்நாயகி உப்பு வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் சாம்பார் தீய ஆரம்பித்திருக்கிறது. பார்த்தவள் ஐந்தாம் வகுப்பு பானுப்ரியா. மற்ற நாளில் அவள் வாய்க்கு ஊரே பயப்படும். ஓடிவந்து என் அறை வாசலில் நின்று, "மே ஐ கம் இன் சார்?" என்றாள். "எஸ், கம் இன்" என்றேன். உள்ளே வந்தாள், முழித்தாள், வெளியே போனாள். திரும்பவும், "மே ஐ கம் இன் சார்?" இப்படி நாலு தடவை. அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு கேள்வி, எனக்குத் தெரிந்தது அந்த ஒரு பதில். அதற்குள் சாம்பார் கரியாகிவிட்டது. தையல்நாயகி வந்து கத்தினார்: "ஏன் சார், மூக்குக்குமா இங்கிலீஷு? தீயிற வாசன அடிச்சிக்கினு கீது, அத்தினி பேரும் வாய மூடிக்கினு குந்திக்கினு கீறீங்களே!" வெள்ளிக்கிழமை ஆயிற்றே, நான் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் வெறும் சோற்றைத் தின்றதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது மாப்பிள்ளை!

ஒத்திகை என்று நீங்கள் சொன்ன முதல் மாதம் முடிந்தது, ஐந்தாண்டுக்கும் சம்மதம் என்று கையெழுத்து வாங்க மாதக் கடைசியில் வருகிறீர்களாம். வாருங்கள், காபி உண்டு, கையெழுத்து கிடையாது. எங்கள் வெள்ளிக்கிழமையை எங்களுக்கே கொடுத்துவிடுங்கள். மாப்பிள்ளை என்பதால் இவ்வளவு மரியாதையாக எழுதுகிறேன்.

தங்கச்சிக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்குக் கோபம் தீராத அன்பு.

இப்படிக்கு,
சகாயராஜ்

பின்குறிப்பு: தபாலில் போட மறந்து இன்று வெள்ளியும் வந்துவிட்டது. தையல்நாயகி மறுபடி கடைக்குப் போய்விட்டார். பானுப்ரியா இந்த முறை அனுமதியெல்லாம் கேட்கவில்லை. "சார்! சாம்பார் ஃபயர்! யூ கம் அவுட்!" என்று அதட்டினாள், தலைமை ஆசிரியரை! ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். சாம்பார் பிழைத்தது. வாரமெல்லாம் யார் யாரிடமோ கேட்டு அந்தச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாளாம். கண் கலங்கிவிட்டது. கையெழுத்துத் தாளைக் கொண்டுவாருங்கள். பிறகு அவள், "வாட் நெக்ஸ்ட் சார்?" என்று கேட்டுவிட்டு நின்றாள். என்னிடம் "எஸ், கம் இன்" மட்டும்தான் இருந்தது. அடுத்த வெள்ளிக்குள் எனக்கு நாலு வாக்கியம் எழுதி அனுப்புங்கள்.