தாம்பாளத்துக்குச் சம்பந்தம் பேசப் போனது

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஆனால் தாம்பாளத்தைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும். அவளைப் போல எதையும் முறைப்படி செய்த பிறவி பூமியில் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வருடப் பரிமாற்ற மாணவியாகச் சிட்னிக்கு வந்து, கிரவீன் பகுதியில் எங்கள் வீட்டு அறையில் தங்கினாள். விமானத்தில் அனுமதித்த எடையில் பாதியை ஒரு பித்தளைத் தாம்பாளம் தின்றிருந்தது. எங்களுக்குப் புது வாஷிங் மெஷின் கொண்டுவந்தவரிடம் அதில் வெற்றிலையும் பழமும் வைத்து நீட்டினாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர் கேட்டார். பல்கலைக்கழக அட்டை கிடைத்த அன்று அதற்குச் சந்தனம் பூசினாள். பிறகு நூலகக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. தாம்பாளம் என்று பெயர் வைத்தது என் கணவர்.

ஒருநாள் சகோதரிச் சங்கத்தில் சேரப்போவதாகச் சொன்னாள். அமெரிக்காவில் இது நிறைய உண்டாம், இங்கே அபூர்வமாம். மாணவிகள் ஒரே வீட்டில் இருந்து ஒருவரையொருவர் சகோதரி என்பார்களாம். சேர நினைப்பவளைத் தேநீருக்குக் கூப்பிட்டு, பார்த்து, பேசி, பிடித்தால்தான் எடுப்பார்களாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“பொம்பிளை பார்க்கிற மாதிரியோ?” என்றேன்.

“அதேதான் ஆன்ட்டி. அப்ப நாம முறையாப் போகணும்.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

திரும்பிப் போய்விடுகிறவர்கள் என்பதால் பரிமாற்ற மாணவிகளை அங்கே எடுப்பதில்லையாம். இருந்தாலும் வரச் சொல்லியிருக்கிறார்கள், ஞாயிறு மத்தியானம் முடிவு சொல்வார்கள் என்றாள். இடம் கிடைக்காவிட்டால்தான் என்ன என்று கேட்டேன்.

“நான் ஒத்தப் பொண்ணு ஆன்ட்டி. ஒரு வருஷமாவது எனக்கும் அக்கா தங்கச்சி இருக்காங்கன்னு சொல்லிக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலையோடு ரயிலில் இருந்தேன். என் மடியில் லட்டுத் தட்டு, அவள் மடியில் பழமும் தேங்காயும் வளையலும் வைத்த தாம்பாளம். எதிரே இருந்தவர் வாழைப்பழம் என்ன விலை என்று கேட்டார்.

சங்கத்து வீட்டில் கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் பைஜாமாவில் நின்றார்கள். அன்றைக்கு அதுதான் உடையாம். தலைவி நெட்டையான பெண். நானும் சேர வந்தவள் என்று நினைத்து எனக்கும் பெயர் எழுதி ஒட்டுகிற ஒரு தாளைத் தந்தாள். மறுக்கக் கூச்சமாக இருந்தது. பெயரை எழுதிச் சேலையில் ஒட்டிக்கொண்டேன்.

ஏன் சேர விரும்புகிறாய் என்று தலைவி கேட்டாள். நாள் முழுக்கப் பேசுகிற தாம்பாளம் தரையைப் பார்த்தாள். பிறகு என்னை இடித்தாள்.

“பெரியவங்கதான் பேசணும் ஆன்ட்டி.”

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நல்ல பிள்ளை, பாத்திரம் கழுவுவாள், அவள் வெளியே போனால் எங்கள் வீட்டில் சத்தமே இருக்காது என்றேன். அதற்கு மேல் இங்கிலீஷ் இல்லை. தலைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களோடு உள்ளே போய்ப் பேசினாள். திரும்பி வந்து ஒரு கையால் பித்தளைத் தாம்பாளத்தை வாங்கப் போனாள்.

“ரெண்டு கையாலும்,” என்று தாம்பாளம் இங்கிலீஷில் திருத்தினாள். பதிலுக்கு நீங்களும் ஒரு தட்டுத் தர வேண்டும், அதுதான் முறை என்றும் சொன்னாள். தலைவி குசினிக்கு ஓடிப்போய்ப் பாதி பீட்சா மிச்சமிருந்த பெட்டியைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

எடுத்துக்கொண்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அங்கே தங்க ஓர் அறையும் உண்டாம். தாம்பாளம் என் காலில் விழுந்தாள். அதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்துப் பைஜாமாக்காரிகளும் வரிசையாக விழுந்தார்கள். எல்லோரையும் நல்லா இருங்கோ என்று வாழ்த்தினேன்.

அவளை அங்கே விட்டுவிட்டுத் தனியாக ரயிலேறினேன். பெண்ணைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் வழியெல்லாம் ஏன் ஒன்றும் பேசுவதில்லை என்று பிள்ளை பெறாத எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் அவள் வந்து உடுப்புகளை எடுத்துக்கொண்டு போனாள். நான் வேலைக்குப் போனேன்.