மாமன் மடியில் இரண்டாவது ஊசி

சின்னசேலத்தில் குடியிருக்கும் என் மச்சான் அஜித்குமார் அவர்களுக்கு, கள்ளக்குறிச்சியிலிருந்து உங்கள் அக்காள் வீட்டுக்காரர் பொன்னுரங்கம் எழுதிக்கொள்வது. நான், உங்கள் அக்காள் மலர்விழி, பாப்பா தனுஷா மூவரும் நலம். வெறும் நலம் இல்லை, பெருமையோடு கூடிய நலம். பாப்பாவின் காதுகுத்து பேனரில் உங்கள் போட்டோவைத் தபால்தலை அளவில் ஓரமாகப் போட்டுவிட்டேன் என்று அன்றிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. நானும் உங்களோடு பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எழுதுவதைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் உங்கள் அக்காளுக்கு மஞ்சள் காமாலை வந்து, சோற்றைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தது உங்களுக்குத் தெரியும். அப்போது பிடித்த பயம் எனக்கு இன்னும் போகவில்லை. இந்த வருஷம் எங்கள் தெருக் குழாயில் சாக்கடை கலந்து, பக்கத்து வீடுகளில் அதே காமாலை. பாப்பாவுக்கும் வந்துவிடக் கூடாதே என்று டாக்டர் அமுதாவிடம் ஓடினோம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அதோடு இந்தக் காமாலைக்குத் தடுப்பூசி இருக்கிறது, போட்டுவிடலாம் என்றார் அந்த அம்மா. நோயையே பிடித்து ஊசியில் ஏற்றுகிறார்கள் என்று முன்பு ஒருமுறை நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. உங்கள் பெயரிலேயே கேட்டுவிட்டேன். “எங்க மச்சான் ஒருத்தர் இருக்காரு டாக்டர், அவருக்கு ஊசின்னா பயம். போட்டா அதே காமாலை வந்துடுமான்னு கேக்கறாரு.”

“இதுல இருக்கறது செத்த கிருமிங்க. அது எழுந்து வந்து காமாலை குடுக்காது. போட்ட எடம் வலிக்கும், சில பேருக்கு லேசா காய்ச்சல், தலவலி வரும், ரெண்டு நாள்ல போயிடும். அலர்ஜி வர்றது ரொம்ப ரொம்ப கம்மி. அதுக்குத்தான் போட்டதும் கொஞ்ச நேரம் இங்கயே உக்கார வைக்கறோம். ஒரு வயசு ஆன கொழந்தைங்களுக்கும் போடலாம், பெரியவங்களுக்கும் போடலாம்.”

“மச்சான் பத்தியம் இருக்கணுங்களா?”

“வேணாங்க.”

“கறி?”

“உங்க மச்சான் தாராளமா சாப்பிடட்டும்” என்றார். உங்களுக்காக இவ்வளவும் கேட்டிருக்கிறேன். உங்கள் அக்காள் எதற்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வினை. நர்ஸ் ஷாலினி ஊசியை எடுத்துக்கொண்டு, பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னது. நான் உட்கார்ந்து மடியைத் தட்டினேன். பாப்பா நகரவில்லை. “இன்னாப்பா, மாமா எங்க?” என்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. “காது குத்துறப்போ மாமா மடியிலதான குத்துனாங்க? குத்துறதுன்னா மாமா வரணும்” என்று கைகட்டி நின்றுவிட்டது. அது தோடு குத்த, இது ஊசி குத்த என்று சொல்லிப் பார்த்தேன், ஊஹூம். வெளியே வரிசையில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். தன் பிள்ளைக்கு ஊசி போட வந்த ஒரு நல்ல மனுஷன், “நான் மாமாவா இருக்கறேன், வாம்மா” என்று மடியைக் காட்டினார். பாப்பா அவரை மேலும் கீழும் பார்த்து, “சீர்த்தட்டு எங்க?” என்று கேட்டது. அவர் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். “இது ஒண்ணுதானா?” என்றது. மனுஷன் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உங்களுக்கு போன் போடலாம் என்று உங்கள் அக்காள் சொன்னாள். மானம் என்று ஒன்று இருக்கிறதே, நான் வேண்டாம் என்றேன். இந்தச் சண்டையைப் பாப்பா கேட்டுக்கொண்டே இருந்தது. சட்டென்று நர்ஸிடம் போய், “மொத்தம் எத்தினி ஊசி?” என்றது. இப்போது ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று என்றதும், “அப்போ இத நானே போட்டுக்கறேன். அடுத்தது மாமா மடியில” என்று தானே நாற்காலியில் ஏறி, தானே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டது. அழவில்லை மச்சான்! உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. என் கண்தான் கலங்கிவிட்டது. சாயங்காலம் கை வலிக்கிறது என்றது, மறுநாள் காலையில் தெருவில் ஓடிக்கினு இருந்தது. எங்கள் வம்சமே தைரியத்துக்குப் பேர் போனது.

உங்கள் அக்காளுக்கு ஏற்கெனவே வந்து போய்விட்டதால் ஊசி தேவையில்லையாம். என்னைத்தான் டாக்டர் விடவில்லை. “மினி லாரில கல்வராயன் மலைக்குப் போய்க்கினு, கண்ட எடத்துல தண்ணி குடிக்கறீங்க. பெரியவங்களுக்கு வந்தா இன்னும் ஜாஸ்தியா படுத்தும்” என்றார். அன்றைக்கு மலையில் மரவள்ளிக்கிழங்கு லோடு காத்திருந்தபடியால் நான் அவசரமாகப் புறப்பட வேண்டியதாகிவிட்டது. இல்லாவிட்டால் இரண்டு கையிலும் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஆகவே, தை மாதம் பாப்பாவின் இரண்டாவது ஊசிக்குத் தாய்மாமன் மடியோடும் சீரோடும் வந்து சேரவும். எனக்காக இல்லை, குழந்தை கேட்பதற்காக. பேனர் உண்டு, நடுவில் நீங்கள் மட்டும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம். உங்கள் பிள்ளைகள் நோய்நொடி அண்டாமல் வளர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமா
பொன்னுரங்கம்

பின்குறிப்பு: தை வரை காத்திருக்க வேண்டாம், வருகிற திங்கட்கிழமையே வந்துவிடுங்கள். பாப்பாவுக்கு ஊசி போட்ட அன்றைக்கு உண்மையில் லோடும் இல்லை, கிழங்கும் இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். மேலே ‘மச்சானுக்குப் பயம்’ என்று எழுதியிருக்கிற இடத்தில் என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளவும். நேற்று பாப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “உன் மாமா செத்துப்போயிட்டாரு இல்ல? எம் மாமாவ இட்டுக்கினு போ, குடுக்கறேன்” என்றது. மடி வேண்டாம் மச்சான், என் எடையை நீங்கள் தாங்கமாட்டீர்கள். கையைப் பிடித்துக்கொண்டால் போதும். போனை எடுங்கள்.