வருங்கால மாமியாரைக் காருக்குள் ஒட்டிய கதை

பெண் பார்க்கப் போகிற ஆணுக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு வேலைதான் உண்டு. கொடுக்கிற பஜ்ஜியைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பஜ்ஜியை நான் ஒழுங்காகத் தின்றேன். வாயை மூடுவதில்தான் கோட்டை விட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிங்காநல்லூரில் ஒரு தகரக் கொட்டகையில் ஃபைபர் வேலை செய்துகொண்டிருந்தேன். மில் மெஷின்களுக்கு மூடி, தண்ணீர்த் தொட்டி, பேக்கரி வாசலில் நிற்கும் ஐஸ்கிரீம் பொம்மை, இவைதான் என் படைப்புகள். (பொம்மையைப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டு அழுததாகப் பேக்கரிக்காரர் சொன்னார். தத்ரூபமாக இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.) விசிட்டிங் கார்டில் மட்டும் என் பெயருக்குக் கீழே ‘டிசைனர்’ என்று அச்சடித்திருந்தேன்.

பெண் வீடு மேட்டுப்பாளையத்தில். பாக்கு வியாபாரம். பெண்ணின் பெயர் பூங்கொடி. பி.காம். முடித்துவிட்டு அம்மாவுக்கு உதவியாகப் பாக்கு மண்டியில் இருந்தாள். அந்த மண்டியை நடத்தியவர் அவளுடைய அம்மா மயிலாத்தாள். சைக்கிள் ஓட்டப் பழகாமல் நேரடியாகக் கார் ஓட்டப் பழகியவர். காரமடை ரோட்டில் அவர் வண்டிக்குப் பின்னால் வந்தால் லாரிக்காரர்கள்கூட ஹாரன் அடிக்க யோசிப்பார்களாம். அன்று என் அப்பாவிடம் அவர் பேசியதில் பாதி மழையைப் பற்றியும் பாதி பாக்கு விலையைப் பற்றியும்தான். என்னைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பாக்கு காயப்போடும் களத்தின் ஓரத்தில் ஒரு பழைய கார் நின்றது. குன்னூர்ப் பக்கம் ஏதோ தேயிலைத் தோட்டத்தில் ஒரு துரை விட்டுவிட்டுப் போன வண்டி. ஆமை முதுகு மாதிரி வளைந்த கூரை, இரண்டே கதவுகள். அந்த வீட்டில் அதை ‘பிளசர்’ என்றுதான் சொன்னார்கள். மயிலாத்தாள் ஆசைப்பட்டு வாங்கி, பிரித்துப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் தனியாக ஒரு மேசைமேல் கிடந்தது. கதவுகளின் உட்பக்கத்தை மூடியிருந்த அட்டைகளைக் கரையான் தின்று தீர்த்திருந்தது.

“ஆசாரி மரத்துல செஞ்சு தாரேங்கறாருங்க. ஆனா இந்த வளைவுக்கு மரம் படிய மாட்டீங்குது” என்று என் அப்பாவிடம் சொன்னார்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. “ஃபைபர்ல பண்ணிப்போடலாமுங்க. கதவோட வளைவு அப்படியே வருமுங்க. நீங்க வண்டி ஓட்டறப்ப உங்க முழங்கை எங்க படியுதோ, அதே எடத்துல கைத்திண்டு வெச்சு, அளவெடுத்துத் தெச்ச ஜாக்கெட்டாட்ட...”

அப்பா என் காலை மிதித்தார். ஜாக்கெட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

மயிலாத்தாள் முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்படிங்களா கண்ணு? சரி, ஞாயித்துக்கெழமை வாங்க.”

பெண்ணைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஆனால் எனக்குப் பரீட்சை வைத்துவிட்டார்கள் என்பது திரும்பி வரும் பஸ்ஸில் புரிந்தது.

ஃபைபர் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெசின் என்று தேன் மாதிரி ஒரு திரவம். கண்ணாடி நார் விரிப்பைப் பரப்பி, அதன்மேல் இதைப் பிரஷ்ஷால் தடவ வேண்டும். தடவுவதற்கு முன் ஹார்டனர் என்ற இன்னொரு திரவத்தை அளவாகக் கலந்தால் கெட்டியாகும். அளவு கூடினால் கொதிக்கும். எதன்மேல் தடவுகிறோமோ அதன்மேல் முன்பே நன்றாக மெழுகு பூசியிருந்தால், காய்ந்தபின் தோசை மாதிரி உரித்தெடுக்கலாம். பூசாவிட்டால் உரிக்க முடியாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இடது கதவு. உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திவைத்துத்தான் செய்தேன். சாத்திய நிலையில்தான் வளைவு கச்சிதமாக விழும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் திருகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கண்ணாடியைப் பாதி இறக்கிய நிலையில் விட்டு, கதவு முழுக்க மெழுகு பூசினேன். கதவுக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவே ஒரு இடுக்கு இருக்கிறது என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. நாரைத் தாராளமாகச் சட்டம் வரைக்கும் இழுத்து ஒட்டி, வலது கதவு வழியாக இறங்கினேன். “நல்லாக் காயட்டுமுங்க. யாரும் தொட வேண்டாம்” என்று டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு ஊர் திரும்பினேன். சொன்னபடி யாரும் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு வலது கதவு. ஓட்டுகிறவர் பக்கம், அதாவது கைத்திண்டு வரவேண்டிய பக்கம். என் திட்டம் இதுதான். போன வாரம் போலவே திருகைக் கழற்றி, கண்ணாடியைப் பாதியில் விட்டு, மெழுகு பூசி, கதவைத் திறந்துவைத்து ரெசின் தடவுவது. அது இளகலாக இருக்கும்போதே மயிலாத்தாள் உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கையில் சாக்கும் பாலிதீனும் சுற்றிக்கொண்டு முழங்கையை அதில் பதிக்க வேண்டும். அந்தப் பள்ளமே கைத்திண்டு. உலகத்தில் வேறு எந்தக் கைக்கும் பொருந்தாது. இந்த யோசனை வந்த அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

பூங்கொடியின் அப்பா அன்று அந்தியூரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். (அது என் அதிர்ஷ்டம்.) நான் ஹார்டனரைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டுக்கொண்டிருந்தபோது பூங்கொடி மோர் கொண்டுவந்தாள். குனிந்து பார்த்து, “ஏனுங்க, இது தேனுங்களா?” என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. எண்ணிக்கை போயே போய்விட்டது. குறைந்துவிடக் கூடாதே என்று ஒரு வீச்சு ஊற்றினேன்.

மயிலாத்தாள் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்து, கதவைச் சாத்தி, முழங்கையைப் பதித்தார். நான் வெளியே நின்று, பாதி திறந்த கண்ணாடி வழியாக ரெசினின் மகத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

“கண்ணு, இது சுடுதே?”

“லேசாச் சூடாகுமுங்க. அப்படித்தான் கெட்டியாகும்.”

“லேசாங்களா? தோசை ஊத்தலாமாட்ட இருக்குது.”

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். நல்லவேளை, சாக்கு தடிமன். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. “சரி, நான் எறங்கறேன்” என்றார்.

நான் கதவை இழுத்தேன். வரவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி இழுத்தேன். சாத்தியபோது பிதுங்கிய ரெசின் இடுக்கு முழுவதும் இறங்கிக் கல்லாகியிருந்தது. ஓடிப்போய் இடது கதவை இழுத்தேன். ஒரு வாரமாகக் காய்ந்த உறுதி. என் வாழ்நாளில் அத்தனை தரமான வேலையை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. திரும்பி வந்து, காலை வண்டியில் ஊன்றி, பலமெல்லாம் கூட்டி இழுத்தேன். வெளிக் கைப்பிடி மட்டும் என் கையோடு வந்தது. நான் பாக்கின்மேல் மல்லாந்து விழுந்தேன்.

பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். மயிலாத்தாள் எட்டிப் பார்த்து, “அடி பட்டுதுங்களா?” என்று கேட்டார். மாட்டிக்கொண்டவர் அவர். விசாரிக்கப்பட்டவன் நான். இன்றைக்கும் அதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து கேட்டுக்கு வெளியே ஜீப் சத்தம். பூங்கொடியின் முகம் மாறியது. “அம்மா, சேலத்துக்காரரு!”

அவர் வடக்கே சரக்கு அனுப்பும் பெரிய வியாபாரி. அந்தப் பருவத்துப் பாக்கு மொத்தமும் அவருக்காகத்தான் மண்டியில் காத்திருந்தது. விலை இறங்கிக்கொண்டிருந்தது, மழை வேறு வரும்போலிருந்தது. அவருடைய பேரமெல்லாம் நாற்காலியில்தான். டீ குடிப்பார், வெற்றிலை போடுவார், பேரன் பேத்தி கதை பேசுவார். எதிராளி அலுத்துப்போய்த் தலையாட்டும்வரை எழுந்திருக்க மாட்டார். ஒரு மாதமாக மயிலாத்தாளிடம் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தார்.

நான் அழுகிற நிலையில் இருந்தேன். மயிலாத்தாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். குரல் இம்மியும் உயரவில்லை.

“பூவு, பானெட்டைச் சாத்து. எஞ்சின்மேல சாக்கப் போடு. கண்ணு, நீங்க துணியெடுத்து முன்கண்ணாடியத் தொடைங்க. இப்பத்திக்கு நீங்கதான் டிரைவரு.”

டிசைனர் டிரைவரானான். கைப்பிடியைப் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டு துடைக்க ஆரம்பித்தேன்.

சேலத்துக்காரர் களத்தைத் தாண்டி வந்தார். “வணக்கமுங்க அம்மா. எறங்கி வாங்க, உக்காந்து பேசலாம்.”

“எங்கீங்க உக்கார நேரம்? கோயமுத்தூர்ல ஒரு பார்ட்டி வரச் சொல்லியிருக்குது. கெளம்பிட்டே இருக்கறேன். நீங்க வெலயச் சொல்லிப்போடுங்க, கேட்டுட்டுப் போறேன்.”

அவர் சுற்றுமுற்றும் நாற்காலியைத் தேடினார். பூங்கொடி கொண்டுவரவில்லை. உச்சி வெயிலில், பாதிக் கண்ணாடி உயரத்துக்கு முதுகை வளைத்துக் குனிந்து நின்றார். அந்த நிலையில் பேரன் கதை எப்படி வரும்?

“பெயின்ட் வாசம் அடிக்குதுங்களே?”

“வண்டிய புதுசு பண்ணியிருக்கறேனுங்க. நீங்க வெலயச் சொல்லுங்க.”

சொன்னார். பழைய விலைதான். மயிலாத்தாள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்து, என் பக்கம் திரும்பி, “டிரைவர், கேட்டைத் தொறந்து உடுங்க” என்றார்.

போய்த் திறந்தேன். எஞ்சின் சாக்குக்கு அடியில் கிடக்கிறது. ஆனால் அந்த அம்மாள் சொன்ன தோரணையில், வண்டி இப்போது நகரும் என்று எனக்கே தோன்றியது. ஒதுங்கி நின்றேன்!

அவர் விலையைக் கொஞ்சம் ஏற்றினார். மயிலாத்தாள் சாவியைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்குள் சேலத்துக்காரர் இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். “இருங்கம்மா, இருங்க! என்ன இத்தனை அவசரம்? நீங்க கேட்டதையே தாரேன், போங்க.”

“ரெண்டு நாள்ல லாரி வந்துரோணுமுங்க.”

“வந்துருமுங்க.”

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார். நான் கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். காருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சுத் திணறலோ என்று பதறி ஓடினேன். மயிலாத்தாள் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய, வண்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்துத் தான் பார்த்ததே இல்லை என்று பூங்கொடி பிற்பாடு சொன்னாள்.

சிரித்து முடித்ததும், “சரி, வெளிய வர வழியப் பாருங்க” என்றார்.

“வெல்டிங்காரரைக் கூட்டியாந்து கதவை வெட்டி...”

“கதவைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற. நீங்க ஒட்டுனதை அறுங்க.”

ஆனால் ஒட்டியது உட்பக்கம். உள்ளே இருப்பவர் அவர் மட்டும்தான். ஒரு ரம்பத் தகட்டில் துணி சுற்றிக் கண்ணாடி வழியாக நீட்டினேன். மூக்கையும் வாயையும் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு, இடுக்கை ஒட்டி மேலிருந்து கீழாக அறுக்கத் தொடங்கினார். அவ்வப்போது, “ஏனுங்க, நேரா வருதுங்களா?” என்று என்னிடம் சந்தேகம் வேறு கேட்டார். வந்தது. நான் அறுத்திருந்தால் வந்திருப்பதைவிட நேராகவே வந்தது. கடைசியில் நான் வெளியிலிருந்து ஒரு கட்டையால் நெம்ப, அவர் உள்ளிருந்து உதைக்க, கதவு ‘படார்’ என்று திறந்தது. நான் மறுபடி பாக்கின்மேல்.

ஃபைபர் தூள் பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். அவர் இறங்கி, கைகளைச் சொறிந்துகொண்டே, கதவிலிருந்து உரித்தெடுத்த துண்டை வெயிலில் திருப்பிப் பார்த்தார். முழங்கை பதிந்த பள்ளம் வழவழவென்று இருந்தது. மறுபடி கையை வைத்துப் பார்த்தார்.

“கை வெக்கற எடம் நல்லா அமைஞ்சிருக்குது கண்ணு. இதையே மாதிரியா வெச்சுச் செஞ்சு கொண்டாங்க. ஆனா உங்க கொட்டாய்ல வெச்சுச் செய்யுங்க.”

அதற்குப் பிறகு பூங்கொடி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். அம்மாவுக்கு ஒரு கிண்ணம், எனக்கு ஒரு கிண்ணம். மூன்று பேரும் வராந்தாவில் உட்கார்ந்திருக்க, இரண்டு பேர் சொறிந்துகொண்டிருந்தோம். எந்தப் பெண் பார்க்கும் படலமும் அத்தனை சகஜமாக நடந்திருக்காது.

வீடு திரும்பியதும் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். அடுத்த வாரம் மயிலாத்தாளே போன் செய்தார். அப்பா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது.

“பையன் ஒட்டுனா உட மாட்டாருங்க. பொண்ணக் குடுக்கறவங்களுக்கு அது போதாதுங்களா? பூவுக்கும் சம்மதமுங்க.”

அந்தத் துண்டை மாதிரியாக வைத்து, சிங்காநல்லூரில் முறையாக மோல்டு எடுத்து, இரண்டு கதவுக்கும் ரெக்சின் போர்த்திய பேனல்கள் செய்து கொடுத்தேன். அவை நன்றாகவே வந்தன. எங்கள் கல்யாணத்துக்கு அந்த பிளசரை ஓட்டி வந்தது மாமியார்தான். முழங்கை திண்டில் கச்சிதமாகப் படிந்திருந்தது. சேலத்துக்காரரும் பந்தியில் உட்கார்ந்து, “அந்தம்மா சரக்கு விக்கறதுக்கு வண்டிய விட்டுக்கூட எறங்க மாட்டாங்க” என்று பக்கத்து இலைக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் அவர் பேரம் பேச வந்தபோது ஜீப்பை விட்டு இறங்கவில்லையாம். மாமியார் போய் பிளசரில் ஏறி உட்கார்ந்துகொண்டாராம். களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருவரும் சத்தம் போட்டே விலை முடித்தார்கள் என்று மண்டியில் இன்னும் பேசுகிறார்கள்.

என் பதவி மட்டும் மாறவே இல்லை. ஜவுளிக் கடையில் விலை படியாவிட்டால் பூங்கொடி புடவையை மடித்து வைப்பாள். நிதானமாக எழுந்து, என்னைப் பார்த்து, “டிரைவர், வண்டிய எடுங்க” என்பாள். கடைக்காரர் வாசலில் எந்தக் கார் என்று எட்டிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் குறைத்துக்கொள்வார்.

நாங்கள் வந்தது டவுன் பஸ்ஸில்.