பலாமரத்தின் வழியாகப் பேசிய மாப்பிள்ளை

அன்புத் தங்கை ராதிகாவுக்கு, அண்ணன் குணசேகரன் கொல்லிமலையிலிருந்து எழுதுவது. முழங்கால் தவிர மற்றபடி நலம். நீயும் வித்யாஸ்ரீக் குட்டியும் எருமையும் நலந்தானே? உன் வீட்டுக்காரர் நலத்தை நான் கேட்கவில்லை. அவரும் இங்கேதான் இருக்கிறார். செல்போனில் சிக்னல் இல்லாததால், சோளக்காடு ஸ்டாப்பில் பஸ் ஏறும் ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் ஜவ்வரிசி ஆலை முதலாளி, ஆபீஸ் ஆட்களுக்குள் ஒற்றுமை வளரட்டும் என்று எல்லோரையும் மலைக்கு ஏற்றிவிட்டார். பயிற்சியாளர் ஜோடி சேர்க்கச் சீட்டுக் குலுக்கினார். எனக்கு வந்தது யார் தெரியுமா? உன் வீட்டுக்காரர் வேல்முருகன்! என் புதுவீட்டு விசேஷத்தில் நான் 'வாங்க' என்று கேட்கவில்லையென்று சாப்பிடாமல் போனவர். அன்றிலிருந்து ஆபீஸில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தும் பேச்சுவார்த்தை இல்லை. அவர் வாயால் அழைக்காமல் வித்யாஸ்ரீயின் காதுகுத்துக்கு நான் வரப்போவதில்லை என்பது உனக்கே தெரியும். தாய்மாமன் மடியில்லாமல் எப்படிக் குத்துவார்களோ, அது அவர் பாடு.

என் கண்ணைக் கட்டினார்கள். அவர் வழி சொல்ல, நான் மிளகுத் தோட்டத்தைக் கடக்க வேண்டும். என்னோடு எப்படிப் பேசுவார்? மனுஷன் பக்கத்துப் பலாமரத்தைக் கூப்பிட்டார்: "ஏனுங்க பலாமரமுங்க, முன்னால குழி இருக்குதுங்க. நடக்கறவங்க ஒதுங்கோணுமுங்க." நானும் கையில் பட்ட மிளகுக்கொடியிடம், "எந்தப் பக்கம்னு கேட்டுச் சொல்லு சாமி" என்றேன்.

அப்போது பனிமூட்டமாய் மஞ்சு இறங்கியது. முகத்தில் ஈரம், காப்பிப் பூ வாசம். மற்றவர்கள் சத்தமெல்லாம் எங்கோ நழுவிப் போயிற்று. தரையில் நடக்கிறேனா, மேகத்தில் நடக்கிறேனா என்றே புரியவில்லை. உலகத்தில் அந்த ஒரு குரல்தான் மிச்சம். "பலாமரமுங்க, வர்ற வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்தறோமுங்க. மாமன் மடி இல்லீன்னா அது அழுவுமுங்க" என்றது அது. குரல் வந்த பக்கம் திரும்பினேன் அம்மிணி. பதில் சொல்வதற்குள் குழிக்குள் போய்விட்டேன். கை கொடுக்க வந்த அவரும்.

மற்ற ஜோடிகள் மஞ்சில் திசைக்கொருவராகப் போய்விட, சேர்ந்தே கிடைத்தவர்கள் நாங்கள் மட்டுந்தான். "என்ன ஒரு கம்யூனிகேஷன்! இயற்கையோடயே பேசறாங்க!" என்று பயிற்சியாளர் கப்பைக் கொடுத்துவிட்டார்.

ஆனால் அவர் அழைத்தது மரத்தைத்தானே? மரமே வந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். நான் வரமாட்டேன். இதை உன் வீட்டுக்காரரிடம் காட்டிவிடாதே.

அறப்பளீஸ்வரர் அருளால் நீயும் குழந்தையும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

ஒற்றுமையில் முதல் பரிசு பெற்ற உன் அண்ணன்,
குணசேகரன்

பி.கு.: கையெழுத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். என் மூக்குக்கண்ணாடி குழியில் உடைந்துவிட்டது. நான் ஒரு காப்பிச் செடியிடம் சொல்லச் சொல்ல, எழுதுகிறவர் உன் வீட்டுக்காரர்தான். 'வரமாட்டேன்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, செடியைப் பார்க்காமல் என்னையே பார்த்து, "வந்துருங்க மச்சான்" என்றார். அந்த வரியை அடித்துவிடுங்கள் மாப்பிள்ளை என்றேன். கண் கலங்கி அவருக்கு எழுத்தே தெரியவில்லையாம். நீயே அடித்துக்கொள்.