மாதவ் முறை

"கமிட்டி கூடற இடத்துல சாப்பாடு..." என்று மாதவின் அப்பா அடிக்கடி ஆரம்பிப்பார். நன்றாக இருக்கும் என்று முடிப்பாரா, ஆறிப்போகும் என்று முடிப்பாரா என்பது மாதவுக்கு மறந்துபோயிற்று. நன்றாக இருக்கும் என்றுதான் சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொண்டு, செம்பூர் 'மாலை வெயில்' முதியோர் இல்லத்தின் நலக் கமிட்டியில் சேர்ந்தான்.

சேரத் தகுதியும் இருந்தது. பாதி ஆயுசைக் கனடாவில் கழித்துவிட்டு ஐம்பதை நெருங்கும்போது ஊர் திரும்பியவன். அங்கிருந்து அவன் கொண்டுவந்த ஞானம் ஒன்றே ஒன்று: ராத்திரிச் சாப்பாட்டை விட்டால் தொப்பை கரையும். இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வான், கேட்காதவர்களுக்கும் சொல்வான். லிஃப்டில் ஏறினால் இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுவான்.

கமிட்டித் தலைவர் வெங்கடராமன் துறைமுக ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். "இதையே நம்ம முதியோருக்கும் பண்ணினா என்ன?" என்றார்.

வேண்டாம் என்று மாதவ் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் வாயிலிருந்து வந்த ஒன்று தீர்மானமாவது அவன் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

'மூத்தோரின் தேக இலகுத்தன்மையை முன்னிட்டு, மாலை ஐந்து மணிக்கு மேல் அடுப்பு ஓய்வில் இருக்கும்' என்று ஏகமனதாக நிறைவேறிற்று. 'மாதவ் முறை' என்று பெயரும் வைத்தாயிற்று. சீக்கிரம் கிளம்ப முடிந்ததால் சமையல்காரருக்குக் கல்யாண் லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. வீல்சேர் தள்ளுவது சுலபமாயிற்று. வாட்ஸ்அப்பில் படம் பார்த்த பிள்ளைகளும் பெண்களும் "அம்மா எவ்ளோ ஸ்லிம்!" என்று இதயம் இதயமாகப் போட்டார்கள். எதிர்த்தவர்கள் முதியோர் மட்டுமே. அவர்களுக்குக் கமிட்டியில் ஓட்டு கிடையாது.

மாதத்தில் அதிகம் இளைத்தவருக்குப் பொன்னாடை என்று ஏற்பாடு. முதல் பொன்னாடை வாலாம்பாளுக்கு. அவள் மாதவின் அத்தை. இடுப்பு முறிந்ததிலிருந்து இல்லத்தில் கட்டிலே கதி என்று கிடப்பவள். சீஃப் கெஸ்ட் வாஷி பாலத்து டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டதால், காலையிலிருந்து அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கடைசியில் போர்த்திய பொன்னாடை அவளை மூடியது போக மிச்சம் தரையில் புரண்டது.

"எலும்பு குத்தறதுடா," என்றாள் அத்தை. "ராத்திரியெல்லாம் வயிறு வேற காந்தறது."

"பசி நல்லது அத்தை. பசிச்சா உடம்பு தன்னோட பழசையெல்லாம் தானே தின்னு சுத்தம் பண்ணிக்கும்."

"என்கிட்ட புதுசு எதுடா இருக்கு? முழுசாத் தின்னுடுமே."

மாதவ் சிரித்தான். அடுத்த விழாப் பேச்சில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிற்று.

மறுவாரம் ஆயா பேராச்சி அவனை வராந்தாவில் மறித்தாள். "சார், மாமிய ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். முதுகுக்குக் கீழ செவசெவன்னு கெடக்கு. பவுடர் போடவா, வேண்டாமான்னு ஆரும் சொல்ல மாட்டேங்காவ."

டாக்டர் வந்து பார்த்தார். படுக்கைப் புண்ணின் ஆரம்பம், உடம்பில் சதையே இல்லை, பருப்பும் பாலும் தயிருமாக ராத்திரியும் கொடுங்கள், அடிக்கடி திருப்பிப் படுக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரியே கமிட்டி அவசரமாகக் கூடியது. மாதுங்காவிலிருந்து பஜ்ஜி வரவழைத்திருந்தார்கள். முறை கமிட்டிக்குப் பொருந்தாது.

"இது புண்ணா, இல்லை புண் வரலாம்கற அபாயமா?" என்று கேட்டார் வெங்கடராமன்.

"இப்போதைக்கு அபாயம்தான் சார்," என்றான் மாதவ்.

"அப்போ இன்னும் வரலை. வராத ஒண்ணுக்கு நான் எப்படிப் பருப்பு சாங்ஷன் பண்றது?"

நியாயமாகத்தான் இருந்தது. மாதவ் இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டான்.

அடுத்த கூட்டத்துக்குள் தோல் உரிந்துவிட்டது.

"சார், வந்துடுத்து," என்றான் மாதவ்.

"அடடா. அப்போ அபாயம் தீர்ந்துபோச்சே. நம்ம நலக் கமிட்டி அபாயத்தைத் தடுக்கறதுக்கு மட்டும்தான். வந்த புண்ணுக்குத் தனியா ஒரு சப்கமிட்டி போடணும். அதுக்குப் பொதுக்குழு கூடணும்."

"அதுவரைக்கும் அத்தைக்கு மட்டும் ராத்திரி ஒரு கிண்ணம் பருப்பு சாதம்..."

"ஒரு கட்டிலுக்குக் கொடுத்தா அடுத்த கட்டில் கேட்கும்."

"கேட்கட்டுமே சார். எல்லாருக்குமே அடுப்பை மூட்டிடலாமே."

வெங்கடராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாராளமா மூட்டலாம். ஆனா 'என் முறை தப்பு'ன்னு நீங்க மைக் பிடிச்சுச் சொல்லணும். பாராட்டு விழாவுக்கு சயான்ல ஹால் புக் பண்ணியாச்சு. உங்களுக்கு 'முதுமை காத்த செம்மல்'னு பட்டம். டொரண்டோவுல உங்க ஃபிரண்ட்ஸெல்லாம் ஆன்லைன்ல பார்க்கப் போறாளாமே?"

லிங்க்கை மாதவ்தான் அனுப்பியிருந்தான். உள்ளே அத்தையைத் திருப்பிப் போடும் சத்தமும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதும் கேட்டன.

"ஒண்ணு சொல்றேன்," என்றார் வெங்கடராமன், குரலைத் தாழ்த்தி. "இல்லத்துல இல்லாதவாளுக்கு முறை பொருந்தாது. அதுக்குத் தீர்மானம்கூட வேண்டாம்."

அன்று சாயங்காலமே மாதவ் ஆம்புலன்ஸ் சொல்லி அத்தையைத் தன் ஃபிளாட்டுக்கு அழைத்துப் போனான். மற்றவர்களுக்கு முறை தொடரலாம் என்ற தீர்மானத்துக்குக் கையைத் தூக்கிவிட்டு.