சக்சன் பாடிய அம்பா

மன்னாரில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் ஆங்கிலேயனுக்கே விளங்காத ஆங்கிலம் தெரிந்தவர் எங்கள் கந்தோர் இலிகிதர் சக்சன் ஒருவர்தான். அறுபதுகளில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை.

ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கில வீரகாவியம் ஒன்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மோனை தட்டும் இடமெல்லாம் கதிரைக் கையில் ஓங்கி அடிப்பார். வரிக்கு நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவார். கந்தோர்க் கதிரைகள் ஒவ்வொன்றாகக் கையிழந்தன.

"இதென்ன பாஷை காணும்?" என்று எங்கள் மேலதிகாரி பெரிய ஐயா ஒருநாள் கேட்டார்.

"இங்கிலீஷ் ஐயா."

"அப்ப நான் கதைக்கிறது?"

"அது பிறகு வந்த சரக்கு ஐயா."

ஆங்கிலம் அரண்மனையில் பிறந்த மொழியல்ல, ஆங்கிலர், சக்சன்கள், யூட்டுகள் என்ற கூட்டங்கள் கடல் கடந்து வள்ளத்தில் கொண்டுவந்து இறக்கிய மொழி என்பது அவருடைய ஓயாத பிரசங்கம். சக்சன் என்ற பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். பக்கத்து மீனவ ஊரான வங்காலைக் கடற்கரையில் போய், "அவையும் கடற்சனம், உங்கட சொந்தக்காரர்" என்பார். சொந்தம் கொண்டாடியவருக்கு அவர்கள் மீன் கொடுத்தார்கள். ஞாயிறுகளில் அந்த மீன் அங்கிருந்த என் மாமியார் வீட்டுக்கு வரும். பின்னாலேயே அவரும் சாப்பிட வருவார்.

அப்படியொரு ஞாயிறு மத்தியானம் என் மனைவிக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை. மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போக வாடகைக் காரில் அவளையும் மாமியையும் ஏற்றினேன். சக்சனும் முன்னால் ஏறிக்கொண்டார். ஊர் எல்லை தாண்டுமுன் சில்லு மணலில் புதைந்தது. உள்ளே அவள் துடித்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றோடு ஓடிவந்து, காரில் கட்டி, ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"பின்னுக்கு இழுங்கோ."

"முன்னுக்கெண்டெல்லோ சொல்லுறன்."

கார் இன்னும் ஆழமாகப் போனது.

சக்சனுக்குப் பயம் வந்தால் காவியமும் வரும். இறங்கி நின்று கண்ணை இறுக மூடி, காரின் முன்மூடியில் அடித்து ஓதத் தொடங்கினார்.

"தம்பி, அந்தாளை வாயை மூடச் சொல்லுங்கோ" என்றார் மாமி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையும் மணலில் புதைத்திருப்பேன். ஆனால் நடுவரியில் அவர் நிறுத்தியதும், கயிறு பிடித்தவர்கள் "ஏலேலோ" என்று சேர்ந்து ஒரே பக்கம் இழுத்தார்கள். வலை இழுக்கையில் ஒருவர் அம்பா பாட, மற்றவர்கள் அப்படித்தான் குரல் கொடுத்து இழுப்பது. இதை ஏதோ புது அம்பா என்று நினைத்துவிட்டார்கள்.

"நிப்பாட்டாதேங்கோ ஐயா, பாடுங்கோ."

அவர் ஓத, இவர்கள் ஏலேலோ போட, கார் குலுங்கி வெளியே வந்தது.

பொழுது சாய மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. ஆஸ்பத்திரி விறாந்தையில் சக்சன் வேர்த்துப்போய் நின்றார்.

"ரெண்டு பேரும் சுகம் அண்ணை. ஏன் இன்னும் நடுங்கிறியள்?"

"கதையின்ர கடைசியில வீரன் செத்துப்போவான் தம்பி. கார் எழும்பாட்டில் அந்த இடம் வந்திருக்கும். உம்மட மனிசி உள்ளுக்குக் கிடக்கேக்க அதை எப்பிடிப் பாடுறது?"

"அது ஒருத்தருக்கும் விளங்கியிராதே அண்ணை."

"எனக்கு விளங்குமே."

அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன்.