ரோஸ் கலர் ஸ்வெட்டர்

திட்டம் போடுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை (சரி, கொஞ்சம் தற்பெருமைதான்). பிள்ளையார்பாளையத்தில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வேன் பிடித்தாலும், யார் திருப்பதி கிளம்பினாலும், என்னைக் கேட்டுத்தான் நேரம் வைப்பார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள். ஆடி மாதத்தில் மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. நான் போட்டதிலேயே மிகச் சிறந்த திட்டம்தான் அதற்குக் காரணம்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது, வைகாசியில் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி கோமதி தென்னேரிக்காரி. அந்த ஊரில் பெரிய ஏரி இருக்கிறது, மலை கிடையாது. கல்யாணமான முதல் வாரத்தில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்:

"ஏரிக்கரைய தவிர உசரமா எதையும் நான் ஏறினதே இல்லீங்க. மலையில மேகம் வந்து மூஞ்சில படுமாமே, நெஜமா?"

"நெஜந்தான். ரெண்டே மாசம். உன் மூஞ்சில மேகம் படலன்னா நான் என் பேர மாத்திக்கிறேன்."

அவள் சிரித்த சிரிப்பில் நான் அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

நான் தறி நெய்கிறவன். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அமாவாசைதான் லீவு. சேர்ந்தாற்போல் மூன்று நாள் வேண்டுமென்றால் ஒரே வழிதான். தறியில் ஏற்றிய பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்து, அடுத்த பாவைப் பிணைப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும். ஒரு பாவுக்கு மூன்று புடவை. எந்தப் புடவை எந்தத் தேதியில் முடியும், கடைசி முந்தியை என்றைக்கு நெய்து இறக்குவேன் என்று கணக்குப் போட்டேன். ஜூலை நடுவில் வந்து நின்றது. டிசைன் போடும் கிராஃப் தாளில் கட்டத்துக்குக் கால் மணி நேரம் என்று மூன்று நாளையும் வரைந்தேன். வேலூரில் டீ குடிக்க ஒரு கட்டம். ஏலகிரி அடிவாரத்தில் பஸ்ஸுக்கு நிற்க இரண்டு கட்டம். மலை மேல் ஒரு மரக் குடில், வாசலில் விறகு போட்டுக் குளிர்காய இடம். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசி முன்பணமும் அனுப்பினேன். "புதுசா கல்யாணம் ஆனவங்க" என்று அழுத்திச் சொன்னேன். "நாங்க பாத்துக்கறோம் சார்" என்றார்கள்.

ஜோடி ஸ்வெட்டர் வாங்கினேன். எனக்கு நீலம், கோமதிக்கு ரோஸ், இரண்டிலும் நெஞ்சில் ஒரு இதயம். (காஞ்சிபுரத்து வெயிலில் ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? "வீட்ல யாருக்குப்பா குளுரு ஜுரம்?" என்றார்.)

இதில் எதையும் நான் வீட்டில் மூச்சு விடவில்லை. சர்ப்ரைஸ் என்ற சொல்லை அப்போதுதான் கற்றிருந்தேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க அம்மா, சம்பந்தி வருவதைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டே இருந்தாராம். நானும் தறியை அடித்துக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்றேனாம். எனக்கு எதுவும் நினைவில்லை. என் காலண்டர் பாவுதான். முதல் புடவை, இரண்டாம் புடவை, மூன்றாம் புடவை, ஏலகிரி. அந்த ஜூலைக்குள் ஒரு தமிழ் மாதமும் உட்கார்ந்திருக்கிறது என்பது என் கிராஃப் தாளில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

குறித்த நாளுக்கு முதல் நாளே புடவையை அறுத்து இறக்கிவிட்டேன். மறுநாள் காலை, தலையில் புதுத் தொப்பி, கையில் பை, கோமதி முன் போய் நின்றேன்.

"பொறப்படு. ஏலகிரி. பத்து மணி பஸ்சு."

முகம் அப்படியே மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது.

"இன்னிக்கு ஆடி ஒண்ணாச்சேங்க" என்றாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தலை ஆடிக்கு மாமனார், மாமியார், சீர்த் தட்டுகள்.

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று பயம். மாதம் முடியும்வரை புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருக்கக் கூடாது. ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அந்த முதல் நாளைப் பார்த்துத்தான் நான் தேனிலவுக்கு நாள் குறித்திருக்கிறேன்.

என் மாமனாருக்குத் தென்னேரியில் சைக்கிள் கடை. பேசவே மாட்டார். கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் என்னிடம் பேசியதெல்லாம் 'ம்' என்பதுதான். அவருக்கு எதிரில் நின்றாலே எனக்கு வேர்க்கும். அன்றைக்கு அவர் என் தொப்பியைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"எங்க மாப்ள, பையும் கையுமா?"

பெண்ணை மாதம் முழுக்கப் பிரித்துவைக்க வந்தவரிடம், இந்தப் பெண்ணைத்தான் மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எப்படிச் சொல்வது? தப்பாகத் திட்டம் போட்டுவிட்டேன் என்று சொல்ல வாயும் வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"உங்களுக்குத்தான் மாமா! வருஷம் பூரா கடையிலயே இருக்கிறீங்க. உங்கள ஏலகிரிக்கு அழைச்சிக்கினு போலாம்னு ரெண்டு மாசமா ப்ளான் போட்டுக்கினு இருக்கிறேன்."

எந்த மாமனாரும் இதற்கு "எதுக்கு மாப்ள, இருக்கட்டும்" என்பார். நானும் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு பையை இறக்கிவிடலாம். ஒரு நொடியில் போட்ட திட்டமென்றாலும் நல்ல திட்டம்தான்.

அவர் தன் மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எத்தினி மணிக்கு பஸ்சு?" என்றார்.

மாமியார் கையிலிருந்த தட்டை இன்னும் கீழே வைக்கவில்லை. அம்மா உள்ளே போய்விட்டார் (சிரிக்கத்தான் என்று பிறகு தெரிந்தது). கோமதி என்னைப் பார்க்கவே இல்லை. அவள் அப்பாவிடம் மட்டும் சொன்னாள்:

"மூஞ்சில மேகம் பட்டா வந்து சொல்லுப்பா."

பயணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வேலூர் டீ அதே கட்டத்தில் நடந்தது. மலைப் பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மாமனார் காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். நாலே முக்காலுக்குக் குடில் என்று எழுதியிருந்தேன். நாலே முக்காலுக்குக் குடில்.

வாசலில் வாட்ச்மேன் இரண்டு மாலையோடு நின்றார். என்னைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"சார்... மேடம்?"

"வரல."

சொன்ன வேலையைச் செய்கிற மனிதர். இரண்டு பேருக்கும் மாலையைப் போட்டார். உள்ளே ஒரே கட்டில். அதன்மேல் ரோஜா இதழால் இதயம். சுவரில் தெர்மாகோலில் வெட்டிய இன்னொரு இதயம், அதில் 'புதுமண ஜோடிக்கு நல்வரவு'. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமனார் எல்லாவற்றையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாதான் கவனிக்கிறாங்க மாப்ள."

சாயங்காலம் தூறலும் காற்றும் பிடித்துக்கொண்டது. வெறும் வேட்டி சட்டையில் வந்த மனிதருக்குப் பல் கிட்டித்தது. நீல ஸ்வெட்டரைக் கழற்றித் தரலாம் என்று பார்த்தால் அது என் உடம்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது (இரண்டும் ஒரே அளவு என்று கடைக்காரர் சொன்னது பொய்).

"இன்னொண்ணு இருக்குது மாமா. ஆனா... கோமதிக்கு எடுத்தது."

"குளுருக்கு கலரு ஏது, குடுங்க" என்று வாங்கி மாட்டிக்கொண்டார். கச்சிதமாக இருந்தது. அப்போது பார்த்து வாட்ச்மேன் கேமராவோடு வந்தார். தம்பதிக்கு ஒரு போட்டோ இலவசமாம்.

விறகை எப்படி அடுக்குவது என்று கிராஃப் தாளில் வரைந்து வைத்திருந்தேன். அடுக்கினேன். ஈர விறகு, புகை மட்டும் வந்தது. மாமனார் தன் மஞ்சப்பையிலிருந்து சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை எடுத்துப் பற்றவைத்து விறகுக்கடியில் செருகினார். பிடித்துக்கொண்டது. நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து, முதல் தடவையாக என்னோடு மனம் விட்டுப் பேசினார்.

"கோமதி அம்மாவ நான் எங்கயும் கூட்டிக்கினு போனதில்ல மாப்ள. கடைய தொறக்கறதும் மூடறதுமாவே போயிடிச்சி. நீங்களாவது ப்ளான் போடறீங்க. நல்லதுதான்."

அவருக்கு எல்லாம் தெரியும் என்று அப்போது புரிந்தது. வாசலில் தொப்பியைப் பார்த்தபோதே தெரிந்திருக்கும். என் மானத்தைக் காப்பாற்றத்தான் மனிதர் பஸ் ஏறியிருக்கிறார். அதுவரை அவரிடம் எனக்குப் பயம்தான் இருந்தது. அன்றிலிருந்து பிரியம் வந்துவிட்டது.

காலையில் குடில் வாசலுக்கே மேகம் வந்தது. ரோஸ் ஸ்வெட்டரோடு, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் காட்டி நின்றார்.

"நெஜமாவே படுது மாப்ள."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே நின்றிருக்க வேண்டியவள் தென்னேரியில் இருந்தாள்.

திரும்பி வந்து தென்னேரியில் இறங்கியதும் மாமியார் எங்களை வீட்டு வாசலிலேயே நிறுத்தினார். "முப்பது வருஷமா என்ன பக்கத்துல இருக்கிற வாலாஜாபாத்துக்குக்கூட கூட்டிக்கினு போவாத மனுஷன், மாப்ளயோட ஹனிமூனு போயிட்டு வராரு!" தெருவே கேட்டது.

ஆவணியில் நாங்கள் நான்கு பேருமாகப் போனோம். நாள் குறித்தது கோமதி. மேகம் அவள் முகத்தில் பட்டது, என் பேர் தப்பித்தது. வாட்ச்மேன் மட்டும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த மாமனாருக்குத்தான் மாலை போடப் போனார்.

அந்த போட்டோ எங்கள் கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஒட்டியது கோமதி. சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதே அதைப் பார்க்கத்தான்.

சென்ற வருடம் என் மகளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சின்ன காஞ்சிபுரம், சாதுவான பையன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆடி பிறந்ததும் மகளை அழைத்து வர நானும் கோமதியும் சீர்த் தட்டோடு போனோம். அவன் தலையில் தொப்பி, தோளில் பை, வாசலிலேயே நின்றிருந்தான்.

"வாங்க மாமா, உங்களுக்காகத்தான் வெயிட் பண்ணிக்கினு இருக்கிறேன்" என்று ஒரு ரோஸ் கலர் ஸ்வெட்டரை நீட்டினான். அவனுக்குப் பின்னால் என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் கோமதியும்.

வாங்கிப் போட்டுப் பார்த்தேன். எனக்கும் கச்சிதமாகத்தான் இருந்தது.